தணல் விழும்வரை சட்டியைத் தொடாதீர்கள்

முதல்முறை கூடாரம் போட்டுத் தங்கப் போனபோது காரின் பின்பக்கம் முழுக்கப் பாத்திரம்தான். இரண்டு வாணலி, மூன்று அளவில் சட்டி, வடிகட்டி, துருவி, அளவுக் கோப்பைகள், காய் நறுக்கும் பலகையே இரண்டு. நான்கு நாளில் நாங்கள் தொட்டது ஒரு சட்டியையும் ஒரு கத்தியையும்தான். மற்றதெல்லாம் போனபடியே திரும்பி வந்தன, ஆனால் தூசி படிந்திருந்ததால் அத்தனையையும் வீட்டில் உட்கார்ந்து கழுவ வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் சமையல் மூட்டை மெலிந்துகொண்டே வருகிறது.

அந்த ஒரு சட்டிதான் கேம்ப் ஓவன். கனத்த வார்ப்பிரும்பு, அடியில் மூன்று குட்டைக் கால், தூக்கக் கம்பிப் பிடி, தட்டையான மூடி. மூடியைச் சுற்றி விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு இருக்கும், அதுதான் இந்தச் சட்டியின் உயிர்நாடி. மூடிமேல் தணலைக் கொட்டினால் உருண்டு விழாமல் நிற்க வேண்டுமே, அதற்காக. கால்கள் எதற்கென்றால், அடியில் தணல் போட இடம் வேண்டும், காற்றும் போய்வர வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதைக் கேம்ப் ஓவன் என்பார்கள், அமெரிக்காவில் டச்சு ஓவன். ஆப்ரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். பித்தளையைவிட மலிவாக இரும்புப் பானை கிடைக்க அது வழிவிட்டது.

சரி, எங்கள் முதல் ரொட்டிக்கு வருகிறேன். தம்பி நெருப்பை மூட்டினான், தீ நன்றாகக் கொழுந்துவிட்டு எரிந்தது, ஆஹா இதுதான் நேரம் என்று மாவை உருட்டிப் போட்டு சட்டியைத் தூக்கி நடுத்தீயில் வைத்துவிட்டோம். கால் மணி நேரத்தில் மூடியோரத்தில் புகை. திறந்து பார்த்தால் ரொட்டியின் மேல்பக்கம் வெள்ளையாக, தொட்டால் விரலில் ஒட்டுகிற பச்சை மாவு. திருப்பினால் அடிப்பக்கம் கரிக்கட்டை. "அக்கா, நடுவுல ஒரு விரக்கட வெந்திருக்கு பாரு" என்று அவன் கத்தியால் சுரண்டி எடுத்துச் சாப்பிட்டதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறோம்.

தப்பு எங்கே என்றால், தீயில் சமைத்தோம். இந்தச் சட்டிக்குத் தீ ஆகாது, தணல்தான். சுடர் அலைபாயும், காற்று ஒரு பக்கம் வீசினால் சட்டியின் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். தணல் அப்படியில்லை, வைத்த இடத்தில் வைத்தபடி சூடு தரும். அதனால் சாப்பிட நினைக்கிற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே நெருப்பை மூட்டிவிடுவேன். ஒரு மணி நேரம் எரிந்து தணல் விழ, ஒரு மணி நேரம் சமைக்க. நல்ல கெட்டி மரமாக இருந்தால் தணல் நின்று வரும். பிசின் வடிகிற மென்மரம் பட்டென்று எரிந்து சாம்பலாகிவிடும், நம்பி உட்கார முடியாது.

இன்னொன்று, நெருப்புக்குள் சட்டியை வைக்கவே வேண்டாம். நெருப்பு ஒரு பக்கம் எரியட்டும். இரண்டடி தள்ளி மண்ணைச் சமப்படுத்தி, அங்கே சட்டியை வைத்து, தேவைக்குத் தேவை சின்ன மண்வெட்டியால் தணலை அள்ளி வந்து போட வேண்டும். நெருப்பு சரக்கறை மாதிரி, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று பயணம் ஆனது.

தணலை எங்கே எவ்வளவு வைப்பது என்பதில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது. ரொட்டி, கேக் மாதிரி எதையாவது வேக வைப்பதாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு மூடிமேல், ஒரு பங்குதான் அடியில். தம் போடும்போது மூடிமேல் தணல் வைக்கிறோமே, அதே புத்திதான், ஆனால் இங்கே மேல்தணல்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. ஏன் அடியில் குறைவு? மாவு அடி இரும்பை நேராகத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது, மேலே மூடிக்கும் மாவுக்கும் நடுவில் காற்று இருக்கிறது. ஒரே அளவு வைத்தால் அடிதான் முதலில் கருகும். குழம்பு மாதிரி கொதிக்க வைப்பதானால் இதைத் தலைகீழாக்கி அடியில் அதிகம் வைக்கலாம். வதக்கவும் பொரிக்கவும் மொத்தத் தணலும் அடியில்.

அச்சில் அழுத்திய கரிக்கட்டிகள் வாங்கிப் போனால் எண்ணியே வைக்கலாம். சட்டியின் விட்டம் எத்தனை அங்குலமோ அதில் இருமடங்கு கட்டிகள். எங்களுடையது 10 அங்குலம், கொள்ளளவு 4 லிட்டர் பக்கம். ஆக 20 கட்டி, அதில் 13 மேலே, 7 கீழே. இது ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குக் கணக்கு. காற்றடித்தால் கரி வேகமாக எரிந்து சூடு ஏறும், குளிரிலும் ஈர மண்ணிலும் இறங்கும், அதற்கேற்ப ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்க வேண்டியதுதான். ஒரு மணி நேரத்துக்குள் கட்டிகள் தேய்ந்துவிடும், அதற்குமேல் வேக வேண்டியதென்றால் புதிதாக நாலைந்தைப் பக்கத்திலேயே பற்றவைத்துத் தயாராக வைத்திருங்கள்.

விறகுத் தணலில் இந்த எண்ணிக்கையெல்லாம் செல்லாது. நான் உள்ளங்கையைத் தணலுக்கு ஒரு சாண் மேலே நீட்டி எண்ணுவேன். இரண்டு எண்ணுவதற்குள் கை தானாக இழுத்துக்கொண்டால் ரொட்டிக்கு அது அதிகம். ஆறேழு வரை தாங்கினால் சரி.

அடித்தணலை நடுவில் குவிக்காதீர்கள், சட்டியின் ஓரத்தையொட்டி வட்டமாகப் பரப்புங்கள். வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரன், ஆனால் பரப்புவதில் மந்தம். குவித்த இடத்துக்கு நேர்மேலே ஒரு வட்டம் கருகும், ஓரம் வேகாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கம் கால் சுற்று, மூடியை எதிர்ப்பக்கம் கால் சுற்று திருப்பிவிட்டால் எல்லாப் பக்கமும் சமமாகச் சிவக்கும்.

இப்போது ரொட்டி. வீட்டிலேயே 3 கப் மைதா, 4 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 1 தேக்கரண்டி உப்பு மூன்றையும் கலந்து கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போய்விடுவேன். அங்கே போனதும் பையைத் திறந்து இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்துவிட்டு, ஒரு கப் தண்ணீரோ பாலோ ஊற்றிப் பைக்குள்ளேயே பிசைந்தால் கிண்ணம் மிச்சம். தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். நன்றாக அடித்துப் பிசையக் கூடாது, திரண்டால் போதும், ரொம்பப் பிசைந்தால் ரொட்டி ரப்பராகிவிடும். சட்டியின் அடியில் மூன்று உருண்டை அலுமினியத் தாளைக் கசக்கி வைத்து, அதன்மேல் ஒரு பழைய கேக் தட்டை வைத்து, அதில் மாவை வைத்தால் அடி கருகவே கருகாது. உருண்டைக்குப் பதில் ஆற்றங்கரையிலிருந்து கூழாங்கல் பொறுக்கி வராதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும்.

முதல் இருபது நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. தம்பிக்கு அது முடியாது, அஞ்சு நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தால்தான் நிம்மதி, அத்தனை சூடும் வெளியே போய்விடும். அரை மணி நேரம் தாண்டியதும் வாசனை மாறும். அதுவரை மாவு வாசனையாக இருந்தது வறுத்த வாசனையாகும்போது மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். மேலே பொன்னிறமாக வெடித்திருக்கும். ரொட்டியை வெளியே எடுத்துக் கவிழ்த்து அடியில் விரல்முட்டியால் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டால் இன்னும் பத்து நிமிடம்.

மூடியைத் தூக்குவதே தனி வித்தை. மேலே கிடக்கிற சாம்பலை முதலில் ஊதியோ துடைத்தோ தள்ளிவிட்டு, சாய்க்காமல் நேராக மேலே தூக்க வேண்டும். ஒருமுறை கொக்கியை மறந்துவிட்டுப் போய், கூடார ஆணியின் வளைந்த முனையை மாட்டித் தூக்கினோம். மூடி ஒரு பக்கம் சரிந்தது, பாதிச் சாம்பல் நேராகக் கோழிக்குள். அலசிச் சாப்பிட்டோம், வேறென்ன செய்வது. இப்போது நீளமான குறடு ஒன்றும் தோல் கையுறையும் சட்டிக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன், சட்டியை மறந்தால்தான் அவற்றை மறக்க முடியும்.

கோழி என்றதும் ஞாபகம் வருகிறது, கறியை முதல் நாள் இரவே சமைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஐஸ் பெட்டியை எவ்வளவு நம்பினாலும் மூன்றாம் நாள் பச்சைக்கறியைத் தொட எனக்கு மனசு வராது. மொத்தத் தணலையும் அடியில் வைத்துத் துண்டுகளை எண்ணெயில் சிவக்க வறுத்து, மூடியைத் தலைகீழாகத் திருப்பித் தட்டாக்கி அதில் எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் வெங்காயத்தை வதக்கி, உருளைக்கிழங்கு, கேரட், உப்பு, மிளகு, அரை கப் தண்ணீர். கோழியை மறுபடி மேலே அடுக்கி, மூடி, மேலும் கீழும் சமமாகத் தணல். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். காலெலும்பைத் திருகினால் கையோடு வர வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 74 டிகிரி. அடுத்த நாட்களுக்கு உருளை, வெங்காயம், ஊறவைத்த பயறு, முட்டை, போதும்.

ஒரு மழை ராத்திரி, தணல் வீணாகப் போகிறதே, சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள் வைத்தால் கதகதப்பாக இருக்குமே என்றான் தம்பி. நான் கத்தின கத்தில் பக்கத்துக் கூடாரத்தில் விளக்கு எரிந்தது. கரித்தணல் கார்பன் மோனாக்சைடு விடும். மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். இதில் மட்டும் விளையாட்டே வேண்டாம்.

கழுவுவதற்குப் பெரிய பாடில்லை. சட்டி ஆறிய பிறகு வெந்நீர் ஊற்றி, ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டி, போகாவிட்டால் ஒரு பிடி கல்லுப்பு போட்டுத் தேய்க்கலாம். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட வாய்ப்புண்டு. கொஞ்சம் சோப்பு பட்டால் ஒன்றும் ஆகிவிடாது, ராத்திரி முழுக்க ஊற வைப்பதுதான் எதிரி. தக்காளியையும் அதில் போட்டு மணிக்கணக்கில் வைக்காதீர்கள், புளிப்பு பட்டால் பழக்கிய எண்ணெய்ப் படலம் உரிந்து இரும்பு வாடை வரும். கழுவியதும் மிச்சத் தணலில் ஈரம் போகக் காட்டி, துணியில் எண்ணெய் தொட்டு உள்ளும் புறமும் மெல்லிசாக ஒரு பூச்சு.

கிளம்புகிற அன்று நெருப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துச் சூடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவோம். மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வரும். அடியில் தணல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்து வருகிற குழந்தை வெறுங்காலோடு அதில் ஏறி நிற்கும்.

சட்டிக்கும் மூடிக்கும் நடுவில் மடித்த காகிதம் ஒன்றைச் செருகி வைப்பேன், காற்றுப் போகாவிட்டால் துருப்பிடிக்கும். போன தடவை அப்படிச் செருகிக்கொண்டிருந்தபோது, கடைசி ரொட்டித்துண்டை மென்றபடியே வந்து நின்றான். "அக்கா, அடுத்த தடவைக்கு 12 அங்குலம் ஒண்ணு வாங்கிடலாமா?"

"அது ஒன்பது கிலோ பக்கம் வரும். யார் தூக்குறது?"

ஒன்றும் சொல்லாமல் போய் வண்டியைக் கிளப்பினான்.