கைலான் மாட்டிறைச்சி: 22 ஞாயிற்றுக்கிழமைகளின் நோட்டு

சிங்கப்பூர்க் கோப்பிக்கடையில், கேட்டதும் சுடச்சுடச் சீனச் சமையல் செய்து தரும் ஸீ ச்சார் அடுப்புக்காரரிடம் கைலான் மாட்டிறைச்சி சொன்னால் பத்து நிமிடத்துக்குள் மேசைக்கு வந்துவிடும். கறித்துண்டு மெத்தென்று இருக்கும், நார் பல்லில் சிக்காது. கைலான் என்ற சீனக் கீரையின் தண்டு நறுக்கென்று கடிபடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புகை மணம். கண்டோனீய மொழி பேசும் சீனர்கள் அதை ‘வோக் ஹேய்’ என்பார்கள், சட்டியின் மூச்சு என்று பொருள். இதை வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று ஜனவரியில் ஆரம்பித்தேன். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டின் சாதாரண இரட்டை அடுப்பு, ஞாயிறு மதியம் மட்டும். போன வாரத்தோடு 22 முறை ஆகிவிட்டது. அளவு, நேரம், எது கெட்டது, எது தேறியது என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்திருக்கிறேன். அதிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். மாட்டிறைச்சி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அம்மை அதைக் குக்கரில் குழைய வேகவைத்து, மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்துப் பொடித்துப் போட்டு, தேங்காய்ப்பல்லோடு இரும்புச் சீனச்சட்டியில் கறுக்கக் கறுக்க வரட்டி எடுப்பாள். வாணலிக்கு எங்கள் பக்கமும் கேரளத்திலும் சீனச்சட்டி என்றுதான் பெயர். பெயரில் சீனா இருந்தாலும் அந்தச் சட்டியில் இறைச்சி ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. ஒன்றரை நிமிடத்தில் இறக்கப்போகிறேன் என்று போனில் சொன்னபோது, “மக்ளே, அதுக்குள்ள இறைச்சி வேகுமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. முதல் முறை என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

முதல் முறை: அரைக் கிலோ இறைச்சியைக் கடையில் வெட்டிக் கொடுத்தபடியே சோயா சாஸில் பிரட்டி, சட்டி புகைந்ததும் மொத்தமாகக் கொட்டினேன். ஒரு கணம் ‘சுர்’ என்றது, பிறகு சத்தம் அடங்கிவிட்டது. சட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டு இறைச்சி சாம்பல் நிறத்தில் கொதித்தது. வதங்கவே இல்லை. தட்டில் போட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அடியில் பழுப்புத் தண்ணீர் குளம்போல நிற்கிறது. துண்டு ஒவ்வொன்றும் ரப்பர்.

அடுத்த வீட்டு ஆண்ட்டி கண்டோனீயர், எழுபதைத் தாண்டியவர். குவான் யின் தெய்வத்தை வணங்குபவர் என்பதால் மாட்டிறைச்சி தொடமாட்டார். இங்கே அந்தத் தெய்வத்தைக் கும்பிடும் சீனர்கள் பலரிடம் இந்த வழக்கம் உண்டு. சீனாவிலும் உழவு மாட்டைக் கொல்லக் கூடாது என்று பல அரச வம்சங்கள் சட்டம் போட்டிருந்தன. ஏர் இழுக்கும் மாட்டை இழந்தால் வயலே கிடையாது என்ற கணக்கு நமக்கும் விளங்கும் கணக்குதான். ஆண்ட்டி இதே சமையலைப் பன்றி இறைச்சியில் செய்வார். அன்று வாசலில் நின்று தட்டைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: “தண்ணீர்.” சாப்பிட்டுப் பார்க்க முடியாதவருக்குக் கண்ணே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து தட்டின் அடியில் தேங்கும் தண்ணீரைக் கரண்டியால் அளந்து எழுதுகிறேன். முதல் முறைக்கு எழுதியது: ஆறு மேசைக்கரண்டி.

இரண்டு முதல் ஐந்து வரை முழுக்கக் கத்தி வேலை. இறைச்சி வாங்க லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குப் போகிறேன். அந்தச் சந்தைக்கு மலாயில் பழைய பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். மாட்டு வியாபாரம் நடந்த இடம், பக்கத்துத் தெரு இன்றும் பஃபலோ ரோடுதான். கடைக்காரரிடம் ‘ஃபிளாங்க்’ என்று கேட்டு வாங்குகிறேன். மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தசை அது. தட்டையாக, நார்கள் எல்லாம் ஒரே திசையில் சீவிவிட்ட தலைமுடிபோல ஓடும். வெட்டத் தெரியாத என்னைப் போன்றவருக்கு அந்தத் தெளிவு பெரிய உதவி. நார் ஓடும் திசையிலேயே முதலில் மூன்று விரல் அகலப் பட்டைகளாகக் கீறிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு பட்டையையும் நாருக்குக் குறுக்கே, 3 மில்லிமீட்டர் கனத்தில், கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துச் சீவ வேண்டும். இறைச்சியை 40 நிமிடம் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் கையில் வழுக்காமல், ஈரச் சவுக்காரக் கட்டிபோல வெட்டுப்படும்.

அம்மையின் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. அவள் இறைச்சியைக் கட்டி கட்டியாக வெட்டலாம், ஏனென்றால் நெடுநேர வேக்காட்டில் நாரைக் கட்டிவைத்திருக்கும் சவ்வு கரைந்து வழுவழுப்பாகிவிடும். ஒன்றரை நிமிடத்தில் அது கரையாது. ஆக, பல் செய்ய வேண்டிய வேலையைக் கத்தியே முன்கூட்டிச் செய்துவிட வேண்டும். மூன்றாம் முறை ஞாபகப் பிசகாக ஒரு பட்டையை நார்வாக்கில் சீவிவிட்டேன். ஒரே தட்டில், ஒரே சாஸில், அந்தப் பட்டைத் துண்டுகள் மட்டும் மென்று மென்று தாடை வலித்தது. இந்த விஷயத்தில் அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறாம் முறை ஆப்பச் சோடா. சீனக் கடைகளில் இறைச்சி அவ்வளவு மென்மையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். சோடாவின் காரத்தன்மை இறைச்சியின் புரதங்கள் சூட்டில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதைக் குறைக்கும், அதனால் உள்ளிருக்கும் ஈரம் பிழிந்து வெளியேறாது. நான் 300 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் நிறையப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். சவுக்கார வாடை, வழவழப்பு, இறைச்சி என்ற ருசியே இல்லை. மகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தயிர்சாதம் கேட்டாள். இப்போது 300 கிராமுக்குக் கால் டீஸ்பூன், தட்டி அளந்தது, 20 நிமிடம். அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட இல்லை.

எட்டாம் முறையில் நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். இறைச்சிக்குத் தண்ணீர் ஊட்டச் சொன்னார் ஆண்ட்டி. தண்ணீர் தேங்குவதுதானே என் பிரச்சினை, இவர் இன்னும் ஊற்றச் சொல்கிறாரே என்று குழம்பினேன். 300 கிராமுக்கு மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர். மொத்தமாக அல்ல, ஒவ்வொரு கரண்டியாக. முதல் கரண்டியை விட்டுக் கையால் ஒரே திசையில் பிசைந்தேன். ஆரம்பத்தில் கிண்ணத்தில் சளசளவென்று சத்தம், சிவந்த தண்ணீர் விரலிடுக்கில் ஓடியது. ஒரு நிமிடத்தில் சத்தம் மாறியது. தண்ணீரைக் காணோம், துண்டுகள் கொழுகொழுவென்று விரலில் ஒட்டுகின்றன. மூன்று கரண்டியும் இப்படியே உள்ளே போயிற்று. கிண்ணத்தைச் சாய்த்தாலும் ஒரு சொட்டு வரவில்லை. பிறகு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், கொஞ்சம் ஷாவோசிங் அரிசி ஒயின், வெள்ளை மிளகுத்தூள், இரண்டு டீஸ்பூன் சோள மாவு. கடைசியாக ஒரு கரண்டி எண்ணெய். எண்ணெய் கடைசியில்தான் சேர வேண்டும். துண்டுகளுக்கு மேல் அது படிந்திருந்தால் சட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து விழும். சோள மாவு மெல்லிய போர்வைபோல மூடி உள்ளே போன தண்ணீரைக் காக்கும். அன்று முதன்முதலாக இறைச்சி கடை இறைச்சிபோலக் கடிபட்டது. தட்டில் தேங்கிய தண்ணீர்: மூன்றரைக் கரண்டி.

இடையில் சட்டியும் மாறியது. அதுவரை ஒட்டாத பூச்சுப் பாத்திரத்தில் செய்துகொண்டிருந்தேன், அதை அதிகச் சூட்டுக்கு ஏற்றக் கூடாது. 34 சென்டிமீட்டர் அகலத்தில், அடி தட்டையான, பூச்சில்லாத எஃகுச் சட்டி ஒன்று வாங்கினேன். உருண்டை அடி இந்த அடுப்பில் ஆடும். பழக்குவது தோசைக்கல் பழக்குவது போலத்தான். தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்துக் காயவிட்டால் வெள்ளி நிறம் போய் மயில்கழுத்து நீலம் வட்ட வட்டமாகப் படரும். பிறகு எண்ணெய் தடவித் துடைத்து, வெங்காயத்தாளும் இஞ்சியும் போட்டுப் பத்து நிமிடம் வதக்கி எறிந்துவிட வேண்டும். கழுவியதும் ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு. அடுப்பில் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி மாட்டிவிடுகிறேன்.

ஒன்பது முதல் பதிமூன்று வரை தீயைத் துரத்தினேன், அதில் ஐந்து ஞாயிறு போயிற்று. கடை அடுப்பின் தீ 30 கிலோவாட்டுக்கு மேல், என் அடுப்பின் பெரிய பர்னர் 4 கிலோவாட் வந்தாலே அதிகம். சட்டியை இன்னும் நேரம் காயவிட்டேன், பூண்டு கருகிக் கசந்தது. கடைக்காரரைப் போலத் தூக்கிப் போட்டுப் பிரட்டிப் பார்த்தேன். ஃபிரைட் ரைஸ் போடுபவர்கள் நொடிக்கு 2.7 முறை சட்டியை ஆட்டுகிறார்கள் என்று 2020ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அவர்களுக்குக் கீழே அந்தத் தீ இருக்கிறது. எனக்குச் சட்டியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சூடு இறங்கியது. இந்த அடுப்பில் சட்டியைத் தூக்காமல் இருப்பதே மேல் என்பது என் முடிவு.

பதிமூன்றாம் முறைதான் புத்தி வந்தது. தீ சிறியது என்றால் இறைச்சியைக் குறைக்க வேண்டியதுதான். 300 கிராமை இரண்டு பங்காக்கி, 150 கிராமாகப் போட்டேன். சட்டி மெல்லிய புகை விட்டதும் எண்ணெய். ‘சூடான சட்டி, குளிர்ந்த எண்ணெய்’ என்று சீனச் சமையலில் வாய்ப்பாடே உண்டு, அப்படிச் செய்தால் இறைச்சி ஒட்டாது. துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரப்பி, 40 நொடி தொடவே இல்லை. இதுதான் கடினம், கை துறுதுறுக்கும். அடிப்பக்கம் செம்பழுப்பாகியிருந்தது. திருப்பி 20 நொடி, முக்கால் வேக்காட்டில் தட்டுக்கு எடுத்தாயிற்று. சட்டியை மறுபடி காயவிட்டு அடுத்த பங்கு. ‘சுர்’ சத்தம் கடைசிவரை நிற்கவில்லை. இப்போதெல்லாம் என் தெர்மாமீட்டர் அந்தச் சத்தம்தான். அது அடங்கினால் சட்டியில் தண்ணீர் சேர்ந்து சூடு 100 டிகிரியிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம், சிவக்க வாய்ப்பே இல்லை.

அப்படியும் தட்டில் இரண்டரைக் கரண்டித் தண்ணீர். இரண்டு வாரம் இறைச்சியையே சந்தேகப்பட்டேன். பதினாறாம் முறை இறைச்சியையும் கைலானையும் தனித்தனித் தட்டில் வைத்துப் பார்த்தேன். இறைச்சித் தட்டு காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் முழுக்கக் கைலான் தட்டில்.

கைலான் முட்டைக்கோஸ், புரோக்கோலி குடும்பம் என்பதைவிட, தாவரவியல்படி அதே இனமே. தண்டு கனமானது, இலை ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதைக் கொதிதண்ணீரில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சில சொட்டு எண்ணெயும் விட்டு, முதலில் தண்டை 40 நொடி, பிறகு இலையை 15 நொடி முக்கி எடுப்பேன். அதுவரை சரி. எடுத்ததும் நேரே சட்டியில் போட்டதுதான் கோளாறு. இப்போது துணியில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, கையால் ஒற்றி எடுத்து, எண்ணெய்கூட இல்லாமல் காய்ந்த சட்டியில் அரை நிமிடம் பிரட்டுகிறேன். தண்டின் ஓரத்தில் லேசாகக் கருகல் விழும். கோப்பிக்கடை மணத்துக்கு மிக அருகில் வந்தது அந்தக் கருகலால்தான், தீயால் அல்ல.

சாஸ் பெரிய விஷயமில்லை. சிப்பி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சோயா சாஸ் இரண்டு டீஸ்பூன், நிறத்துக்குக் கறுப்புச் சோயா சாஸ் சில சொட்டு, அரை டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்த ஒரு டீஸ்பூன் சோள மாவு. எல்லாம் ஒரே கிண்ணத்தில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். சிப்பி சாஸ் 1888ல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் நான்ஷுயி என்ற ஊரில் லீ கும் ஷுங் என்பவர் கண்டது. அடுப்பில் மறந்துபோய் விட்ட சிப்பி ரசம் வற்றிக் கெட்டியானதில் பிறந்தது என்று அவர் தொடங்கிய நிறுவனம் சொல்கிறது. ஒயினை மட்டும் சட்டியின் விளிம்பைச் சுற்றி விடுகிறேன், நடுவில் அல்ல. விளிம்பில் பட்டதும் சீறி ஆவியாகும், பச்சை வாடை நிற்காது.

கைலான் கிடைக்காத இரு வாரம் இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டுச் செய்தேன், அதுவே எளிது. ஒருமுறை பச்சைக் குடைமிளகாயோடு புளிக்கவைத்த கறுப்புச் சோயா விதை. சீனாவின் மாவாங்துய் கல்லறையில், இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் புதைந்திருந்த உணவுப் பொருள்களோடு இந்த விதையும் கிடைத்தது. உப்பு அதிகம், கழுவி நசுக்கிப் போட வேண்டும். எனக்கு அது கைலானைவிடப் பிடித்துவிட்டது, மகளுக்குப் பிடிக்கவில்லை.

22ஆம் முறை, போன ஞாயிறு. வெட்ட 15 நிமிடம், ஊற 20, துணியில் கைலான் ஆற 10. அடுப்பில் எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம். பூண்டும் இஞ்சியும் பத்து நொடி, இறைச்சி, கைலான், ஒயின், சாஸ், மூன்று பிரட்டு, நல்லெண்ணெய் அரை டீஸ்பூன், இறக்கியாயிற்று. சீனர்களின் நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, நம் எண்ணெயை ஊற்றினால் அந்த மணம் வராது. தட்டை ஆண்ட்டி வீட்டு வாசலுக்கு எடுத்துப்போனேன். அவர் குனிந்து பார்த்தார், தட்டைக் கையில் வாங்கி ஒரு பக்கமாகச் சாய்த்தார். எண்ணெய் மினுமினுப்போடு சாஸ் இறைச்சியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஓரத்துக்கு ஓடி வந்தது ஒரு டீஸ்பூன்கூட இராது. “கைலான் தண்டை இன்னும் சாய்வாக வெட்டு” என்று சொல்லித் தட்டைத் திருப்பித் தந்தார்.