மூன்று ஃப்ரேம்

"சார், ஒரே பையன் நாலு பேருக்கு உள்ளேன் ஐயா சொல்ற மாதிரி இருக்கு சார்."

சொன்னது எங்கள் ஆய்வு மாணவி. மறுநாள் துறைக் கூட்டம். திரையில் செல் சவ்வின் மேல் எங்கள் புரதம் கொத்துக் கொத்தாக மின்னியது. நான் சிரித்தேன். அப்புறம், "மூணு ஃப்ரேமே இருக்கட்டும்மா, கூட்டம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன். மொத்தமே அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அந்த 'மூணு' என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் புரதத்தோடு எம்இயோஸ்2 என்ற ஒளிரும் புரதத்தை ஒட்டியிருந்தோம். பவளத்திலிருந்து வந்த குடும்பம். முதலில் பச்சை, 405 நானோமீட்டர் லேசரைக் கொஞ்சமாகக் காட்டினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பாக மாறும். சிவந்ததை 561 லேசரில் பார்த்து, ஒவ்வொரு புள்ளியின் நடுவையும் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதாரண நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாவற்றையும் கலங்கலாகக் காட்டும். இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்தால் 20 வரை இறங்கலாம். குறித்த மூலக்கூறு அதோடு வெளுத்து அணைந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அது அப்படிச் செய்வதில்லை. அணையும், இருட்டில் கிடக்கும், சில சமயம் சில விநாடி கழித்துக்கூட அதே இடத்தில் மறுபடி எரியும். கணினிக்கு அது புது ஆள். ஒரே மூலக்கூறு ஐந்து முறை எழுந்தால் ஐந்து புள்ளி, அதாவது ஒரு கொத்து. எவ்வளவு நேர இருட்டு வரைக்கும் 'இது பழைய ஆள்தான்' என்று சேர்த்து எண்ணுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். நான் வைத்தது 3 ஃப்ரேம், அதாவது கேமரா அடுத்தடுத்து எடுக்கும் மூன்று படங்களின் நேரம், 0.15 விநாடி. அவள் 40 வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். 2 விநாடி.

எனக்குத் தெரியாத விஷயமா இது? எம்இயோஸ்2 இப்படித் திரும்ப எழும் என்பதும், அதனால் பொய்க் கொத்துகள் வரும் என்பதும் 2010, 2011-லேயே கட்டுரைகளாக வந்துவிட்டன. வகுப்பில் நானே நடத்துகிறேன். ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தின் தனித்தனி மூலக்கூறுகள் அணைந்து எரிவதை 1997-இல் மோர்னரும் டிக்சனும் பார்த்தார்கள், 405 ஒளி கொடுத்தால் தூங்குவது எழும் என்றும் கண்டார்கள். மோர்னருக்கு 2014-இல் நோபல். இந்தத் தொழிலுக்கு மூலதனமே அந்தச் சிமிட்டல்தான். எண்ண உட்காரும்போது அதுவே கழுத்தை அறுக்கிறது.

என் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். சரியான எண் என்று ஒன்று கிடையாது. 40 வைத்தால் பக்கத்துப் பக்கத்தில் உண்மையாகவே இருக்கும் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றாகிவிடும். இருக்கும் கொத்தை நாமே கலைத்த மாதிரி ஆகும். அப்புறம், டேட்டா லேசில் வந்ததில்லை. வேலூரில் எங்களிடம் அந்தக் கருவி கிடையாது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறி, பெங்களூரில் இரண்டு நாள் ஸ்லாட்டில் எடுத்தது. அவள் கேட்ட சோதனை நியாயமானதுதான்: வெறும் எம்இயோஸ்2-வைக் கண்ணாடியில் தள்ளித் தள்ளி ஒட்டவைத்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை எழுகிறது என்று எண்ணுவது. அதற்கு இன்னொரு ஸ்லாட் வேண்டும், இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் இதில் ஒன்றைக்கூட நான் யோசிக்கவில்லை. படம் நன்றாக இருக்கிறதே என்றுதான் யோசித்தேன். நியாயங்கள் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்ல படம் என்றார்கள்.

வகுப்பில் கயெடே என்ற இன்னொரு ஒளிரும் புரதத்தின் கதையையும் சொல்வேன். ஜப்பானில் மியாவாக்கி என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் பச்சைப் புரதம் இருந்த குழாயை வெளிச்சம் படும்படி மேஜையில் விட்டுப் போனார்களாம், வந்து பார்த்தால் சிவந்திருந்ததாம். கெட்டுப்போச்சு என்று கொட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். 2002-இல் அது கட்டுரையாக வந்தது, ஜப்பானிய மொழியில் மேப்பிள் மரத்தின் பெயரோடு. இதைச் சொல்லும்போது மாணவர்களைப் பார்த்து, "கண்ணுல பட்டதைக் கேளுங்க" என்பேன். இப்போதெல்லாம் அந்த இடம் வந்தால் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஒரு வருடம் கழித்து அந்தச் சோதனை நடந்தது. செய்தது வேறொரு மாணவர். கொத்துகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. மிச்சம் நின்றது. ஆக, நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இந்த வாக்கியத்தை எத்தனை முறை எனக்குள் சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை. நின்றவை நின்றது என் சாமர்த்தியத்தாலா என்ன?

அவள் அதற்குள் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். கோபம் எதுவும் இல்லை, போகும்போது மக்கன் பேடா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஆனால் அந்த உள்ளேன் ஐயாவுக்கு அப்புறம் அந்த மாதிரி ஒரு கிண்டலை என்னிடம் அவள் சொன்னதாக நினைவில்லை. நானும் அதை அப்போது கவனிக்கவில்லை.

போன மாதம் பழைய ஹார்டு டிஸ்க்கில் இடம் காலி பண்ணும்போது அவள் ஃபோல்டர் கிடைத்தது. உள்ளே இன்னொரு ஃபோல்டர், பெயர் ஆங்கில எழுத்தில் தமிழாக: 'சார் கேட்டா காட்டணும்'. 3 ஃப்ரேம், 10, 20, 40, 80 என்று அத்தனைக்கும் படம் போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை கொத்து என்று அட்டவணை. தேதியைப் பார்த்தேன். கூட்டத்துக்கு முந்தைய நாள், இரவு 11:40.

நான் அவளிடம் பேசியது அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு.