ஆகஸ்ட் குறிப்புகள்

ஆகஸ்ட் 4, திங்கள்
அப்பாவின் அறுவைக்குத் தேதி கிடைத்துவிட்டது. 14, வியாழன். காலண்டரில் அம்மாதான் வட்டம் போட்டார். அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
நாங்கள் கட்டும் அறுவைப் பயிற்சி சிமுலேட்டரில் கல்லீரல் இன்றும் நடுங்கியது. திரைக்கு நொடிக்கு 60 படம் போதும், கண் ஏமாந்துவிடும். கை ஏமாறாது. தொட்டதைக் கைக்கு உணர்த்தும் தொடுவிசைக் கணக்கு நொடிக்கு 1000 தடவை ஓட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கெட்டியான இடத்தில் படும்போது கைப்பிடி உதறும். சாயந்திரம் வரை இதே வேலை. அப்பாவுக்குப் பயன்படுத்தப்போவது டா வின்சி எக்ஸ்ஐ என்ற அறுவை ரோபோ. அதில் இந்த விசை டாக்டர் கைக்கு வரவே வராது. வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6
தூக்கமில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்
"யாருடா வெட்டுறது, டாக்டரா மெஷினா?"
டாக்டர்தான்பா. அது தானாக எதுவும் செய்யாது. அவர் அதே அறையில் ஓரமாக உட்கார்ந்து முப்பரிமாணத்தில் பார்ப்பார். அவர் கை 3 செ.மீ. நகர்ந்தால் உள்ளே கருவி 1 செ.மீ. நகரும்படி வைக்கலாம். கைநடுக்கத்தையும் வடிகட்டிவிடும்.
"அப்ப நடுங்குறவரும் செய்யலாமா?"
சிங்கப்பூர் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், விடுவாரா? அப்புறம் கேட்டார்: "நட்டை முடுக்கும்போது போதும்னு கைதான் சொல்லும். அவருக்கு யார் சொல்றது?"
நான் வாயே திறக்காத விஷயம். கண் சொல்லும்பா என்றேன். திசு வெளுக்கும், நூல் விறைக்கும். "ம்" என்றார். நம்பவில்லை.

ஆகஸ்ட் 9, சனி
போர்விமானங்கள் தலைக்கு மேல். அப்பா தேசிய தின அணிவகுப்பைப் பாதிதான் பார்த்தார், மீதி நேரம் கழிவறையில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
2002-இல் வந்த யேல் பல்கலைக்கழக ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். பயிற்சி மருத்துவர்கள் 16 பேர். பாதிப் பேருக்கு மெய்நிகர் கருவியில் பயிற்சி. பிறகு எல்லோரும் உண்மையான பித்தப்பை அறுவையில். பயிற்சி பெற்றவர்கள் 29 விழுக்காடு வேகம். மற்றவர்கள் நடுவில் திணறி நிற்பதற்கு ஒன்பது மடங்கு வாய்ப்பு. எங்கள் துறையில் ஸ்லைடுக்கு ஸ்லைடு இதைத்தான் போடுகிறோம். அந்தக் கருவியில் தொடுவிசையே கிடையாது என்பதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.
தொடுவிசை இல்லாமலே கை பழகும் என்றால் அப்பாவுக்கு நல்லது. நான் இத்தனை காலம் எதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்? தேவை என்றால் என் வேலைக்கு அர்த்தம் உண்டு, ஆனால் வியாழக்கிழமையை நினைக்க முடியவில்லை. 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5-இல் விசையை உணரும் கருவிகளைச் சேர்த்துவிட்டார்கள். தேவையில்லாமலா சேர்த்தார்கள்? இந்த வாரம் எனக்குத் தேவையில்லை என்றே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
டாக்டரைப் பார்த்தோம். இதுவரை எத்தனை அறுவை செய்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் போனேன். கார் எங்கே நிறுத்துவது என்று கேட்டுவிட்டு வந்தேன். அப்பா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டில், "நகம் சுத்தமா வெட்டியிருக்கார்" என்றார். அவருக்கு அது போதும் போல.

ஆகஸ்ட் 13
நள்ளிரவுக்கு மேல் சாப்பாடு கிடையாது. அம்மா 11 மணிக்கு இட்லி ஊற்றுகிறார்.

ஆகஸ்ட் 14
7.40 உள்ளே.
9.30 தாதி வந்து "போய்க்கொண்டிருக்கிறது" என்றார். எது?
11.20 டெக்கா சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி வரட்டுமா என்கிறார் அம்மா. இப்போதா? பெயர் கூப்பிடுகிறார்கள்