"ஆச்சு" என்ற பதில்

மார்ச் 3, 2025, திங்கள்

மாமாவின் தோப்பில் வீட்டுக்கும் மோட்டார் அறைக்கும் ஆர்எஸ்-485 வயர் (தூரத்துக்குச் செய்தி அனுப்பும் இணைப்பு) இழுத்தாயிற்று. இரு முனையிலும் ஒரு சின்னக் கணினிப் போர்டு: வீட்டுப் போர்டு கட்டளை அனுப்பும், மோட்டார் போர்டு அதைச் செய்துவிட்டு "ஆச்சு" என்று பதில் தரும். அரை நொடிக்குள் பதில் வராவிட்டால் கட்டளை மறுபடி போகும். மேசையில் வைத்துச் சோதித்தபோது நன்றாக ஓடியது. இங்கே மோட்டார் கிளம்பியதும் சில சமயம் நின்றுவிடுகிறது.

மார்ச் 5, புதன்

பிடித்துவிட்டேன். மோட்டார் கிளம்பும்போது கரன்ட் எகிறி, பக்கத்தில் ஓடும் எங்கள் வயரில் இரைச்சல் ஏறுகிறது. சரியாக அப்போதுதான் "ஆச்சு" திரும்பி வருகிறது, சிதைந்து போகிறது. வீட்டுப் போர்டு மறுபடி அனுப்புகிறது. நான் வைத்த கட்டளையோ "நிலையை மாற்று". ஓடுகிற மோட்டார் நின்றுவிட்டது.

"வயரைத் தள்ளிப் போட்டா போதுமே மாப்பிள்ளை" என்றார் மாமா. போடத்தான் போகிறோம். ஆனாலும் என்றாவது ஒரு பதில் தொலையும். கட்டளையே போய்ச் சேரவில்லையா, சேர்ந்தபின் பதில் தொலைந்ததா என்று அனுப்பியவனுக்குத் தெரியவே தெரியாது. "மாற்று" போய், "ஓடு", "நில்" வந்தன. பத்து தடவை வந்தாலும் விளைவு ஒன்றுதான்.

மார்ச் 8, சனி

உரத் தொட்டிக்கு அது போதாது. "5 லிட்டர் விடு" இரண்டு தடவை போனால் 10 லிட்டர். ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசை எண் கொடுத்தேன். பழைய எண்ணே வந்தால் வேலையைச் செய்யாமல் "ஆச்சு" மட்டும் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே செய்திதான் என்றால் 0, 1 என மாறி மாறி வரும் ஒரு பிட்டே எண்ணாகப் போதும் என்று 1969-லேயே இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பார்ட்லெட், ஸ்கேன்டில்பரி, வில்கின்சன் மூவரும் காட்டிவிட்டார்கள். எவ்வளவு அழகான விஷயம்!

ஆனால் கரன்ட் போனால் போர்டு எண்ணை மறந்துவிடும். கரன்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமில் எழுத வேண்டும். எப்போது? உரம் விட்டபின் எழுதினால், நடுவில் கரன்ட் போய் இரட்டிப்பாக விழலாம். முன்னால் எழுதினால் விழாமலே போகலாம். முன்னால் எழுதுவதையே தேர்ந்தெடுத்தேன். குறைந்த உரத்தை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், கூடினால் வேர் கருகும்.

மார்ச் 10, திங்கள்

செய்தி சிதைந்ததா என்று பைட்டுகளைக் கூட்டிச் சரிபார்ப்பதை எடுத்துவிட்டு சிஆர்சி-16 (வகுத்து வரும் மீதியை 16 பிட்டாகச் சேர்த்தனுப்பும் சரிபார்ப்பு) வைத்தேன். இரண்டு பைட் இடம் மாறினால் கூட்டல் ஏமாந்துவிடும். சிஆர்சியோ 16 பிட்டுக்குள் அடங்கும் தொடர் பிழை எதையும் விடாது. 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் அதன் இரண்டு பைட்டை அனுப்ப ஆகும் நேரம் சுமார் 2 மில்லி நொடி.

மார்ச் 15, சனி

காலையிலிருந்து 20 தடவை மோட்டாரைப் போட்டோம். 6 தடவை பதில் தொலைந்து, கட்டளை மறுபடி போயிருக்கிறது. மோட்டார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்புறம் உரத் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி, பாதியில் மெயினை அணைத்துப் பார்க்க வேண்டும்.