எத்தனை தடவை சொன்னேன்!

ஜனவரி 15, 2025, புதன்
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில் பள்ளி திறந்தாயிற்று. 3ஆம் கிரேடின் முதல் நாளே தொப்பியைத் தொலைத்துவிட்டு வந்தான் பெரியவன். "எத்தனை தடவை சொன்னேன்!" என்று ஆரம்பித்தேன். போன வருடமும் இதே வசனம்தான்.

ஜனவரி 20, திங்கள்
வகுப்பு மேம் கூப்பிட்டு அனுப்பினார். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவனுக்குக் கணக்கு நன்றாக வருகிறதாம். ஆனால் நோட்டை எடு, தேதி போடு, 10ஆம் பக்கத்தைத் திருப்பு என்று சேர்த்துச் சொன்னால் ஏதாவது ஒன்றுதான் மனதில் நிற்கிறதாம். எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்றார். சொன்னதை மனதில் பிடித்துக்கொண்டே வேலை செய்வது, துறுதுறுப்பை அடக்குவது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் அதில் அடக்கம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியின் வேலை இது. அந்தப் பகுதி முதிர்ந்து முடிய 25 வயதுவாக்கில் ஆகிவிடும். இவனுக்கு 8. வீடு வரும்வரை நான் வாயே திறக்கவில்லை.

இனி வகுப்பில் ஒவ்வொன்றாகத்தான் சொல்வாராம், பலகை ஓரத்தில் படமும் போடுவாராம்.

ஜனவரி 23, வியாழன்
பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டியவை என்று அவன் அறையில் ஒட்டிய படப் பட்டியலை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறக்கிற இடம் வாசல்தானே? கழற்றி வாசல் கதவில், அவன் கண் உயரத்துக்கு ஒட்டினேன். பை, தொப்பி, பாட்டில், லஞ்ச்பாக்ஸ் எல்லாம் அவனே வரைந்தவை. பாட்டில் ராக்கெட் மாதிரி இருக்கிறது, இருக்கட்டும். நான் பேசாமல் படத்தைக் காட்டினால் போதும். அந்தப் பேசாமல் இருப்பதுதான் முடியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு
மாமியாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "நாங்க ஏழு பேர் வளர்ந்தோம், எந்தக் கதவுல ஒட்டினாங்க?" ஆனால் மத்தியானம் அவரே பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தார். பலகை இல்லை. 14 கப், கப்புக்கு 5 வீதம் 70 சுகர் பீன்ஸ். "ஆயா, இருங்க, எண்ணிட்டு எடுக்கறேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசித்தான். மேம் சொன்னதெல்லாம் அந்த மேசையிலேயே நடந்தது. மாமியாரிடம் சொல்லவில்லை, அப்புறம் பிடிக்க முடியாது.

பிப்ரவரி 11, செவ்வாய்
தைப்பூசம். வெயில், பசி, கூட்டம், மேளம். மதியத்துக்குள் செருப்பைத் தொலைத்தான், தம்பியை அடித்தான். களைத்துப்போனால் இந்தத் திறன்தான் முதலில் காலை வாருகிறது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். காரை எங்கே விட்டேன் என்று நானும் அரை மணி நேரம் தேடினேன்.

பிப்ரவரி 20, வியாழன்
"பாட்டில் படம் வேணாம்மா, அது ஞாபகம் இருக்கு" என்றான். சரி என்று கழற்றினோம். இன்று பாட்டில் போய் வந்துவிட்டது. தொப்பி படத்துக்குக் கீழேயே கிடந்தது.