கைக்கு எட்டுகிற பாத்தி

மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டுக்குத் தோட்டம் போடப் போனால், டேப்பை முதலில் விரிக்க வேண்டிய இடம் தெருவாசல். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவிலிருந்து ஏற இரண்டு படி, உள்ளே நுழைய நிலைப்படி, அடுப்படி தாண்டிப் புறவாசலுக்கு இறங்க மறுபடி இரண்டு படி. பாத்தி இருப்பதோ கிணற்றடிக்கு அந்தப் பக்கம். இந்த வழியில் ஒரே ஒரு படி மிச்சமிருந்தாலும், நாம் கட்டிக் கொடுத்த பாத்திக்கு வேறொருவர்தான் தண்ணீர் ஊற்றுவார். தோட்டம் கேட்டவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். கத்தரி காய்த்துத் தொங்கினாலும் அது தோற்ற வேலைதான். அவர் விரலில் மண் ஒட்ட வேண்டும், அவர் கையால் காய் பறிக்க வேண்டும். எங்கள் தொழிலின் கணக்கெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சரிவுப் பாதைக்குக் கொத்தனாரிடம் சொல்ல எளிய கணக்கு உண்டு: ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓரடி நீளம். ஆறங்குலப் படிக்கு ஆறடி. இதைச் சொல்லாமல் விட்டால் அவர் பைக் ஏற்றுகிற சரிவைப் போட்டுவிடுவார். இரண்டடி நீளத்தில் செங்குத்தாய் நிற்கும். அதில் சக்கர நாற்காலியை ஒருவர் தானாக உருட்டி ஏறப் பார்த்தால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பின்பக்கம் மல்லாந்துவிடும். அகலம் மூன்றடி, இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் இரண்டங்குல வரம்பு, ஏறியதும் நின்று திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும். தளத்தை வழுவழுவென்று பூசக் கூடாது. ஈரம் காயுமுன் தென்னை வாரியலால் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தால் பிடிமானம் வந்துவிடும். காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டு ஊன்றுகோலில் நடக்கிறவர்களில் பலருக்குச் சரிவைவிடக் கைப்பிடி வைத்த படியே வசதி. இருக்கிற படியை உடைக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் அடிக்கடி தவறுகிறோம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவரைப் பார்த்து "இவங்களுக்கு என்ன செடி பிடிக்கும்?" என்று கேட்பது நம்மை அறியாமல் வருகிற பழக்கம். நாற்காலியில் இருப்பவருக்கு எதிரே கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, "அண்ணாச்சி, எந்தக் கை நல்லா வரும்? ஒரே இருப்பில எவ்வளவு நேரம் உக்காருவிய?" என்று கேட்டால் பாதி வரைபடம் அங்கேயே கிடைத்துவிடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. உரிமை கேட்க அந்தப் பெயர்கள் வேண்டும். ஆனால் பாத்தியின் உயரத்தை அவை சொல்லாது. இரண்டு பேருக்குமே போலியோ என்றிருக்கும். ஒருவர் கைத்தடியோடு நிற்பார், இன்னொருவர் தரையில் உட்கார்ந்து நகர்வார். ஆகவே அளவெடுப்பது உடம்பைத்தான்: உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரம், முழங்கால் உயரம், நாற்காலியின் அகலம், முதுகைச் சாய்க்காமல் விரல்நுனி எட்டுகிற தூரம். எட்டுகிற தூரம் வேறு, வேலை செய்கிற தூரம் வேறு. இருபத்து நான்கு அங்குலம் எட்டுகிற கை, களை பிடுங்குவது பதினெட்டு அங்குலம் வரைதான். அதற்கப்பால் நட்ட செடி ஒரு மாதத்தில் களைக்குள் மறைந்துவிடும்.

உயரப் பாத்திக்கு எங்கள் முதல் தேர்வு கிணற்று உறை. மரப்பலகையில் அடித்தால் கரையான் விடாது. தகர டிரம் வெயிலில் கொதிக்கும், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். சிமெண்டு உறை எல்லா ஊரிலும் கிடைக்கிறது, மூலை இல்லாததால் நாற்காலி இடிபடுவதில்லை. மூன்றடி விட்டமுள்ள உறையில் நடுப்புள்ளி எந்தப் பக்கமிருந்தும் பதினெட்டு அங்குலம்தான். ஓரடி உயர உறை இரண்டை அடுக்கினால் இரண்டடி. நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி வேலை செய்ய இது சரியாக வரும். குனிய முடியாமல் நின்று வேலை செய்கிறவருக்கு மூன்று உறை. இரண்டங்குல மணல் பரப்பி மட்டம் பார்த்து அடியுறையை இறக்கி, கீழ்வரிசையில் ஓரங்குல ஓட்டை நான்கு போட்டு, இணைப்பைக் கலவையால் பூச வேண்டும். ஓட்டைகளை நாற்காலி நிற்காத பக்கமாக வைக்காவிட்டால் வடிகிற தண்ணீர் சக்கரத்தடியில் சகதியாகும்.

இரண்டு உறையையும் மண்ணால் நிரப்பினால் முந்நூற்றைம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். அடியில் எட்டங்குலத்துக்குத் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்கிவிட்டு, மேலே செம்மண் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கூடவே ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு. ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் எழுபது லிட்டர் வரை பொங்கும். உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசாவிட்டால் நாற்றின் இலை நுனி கருகும். கரிசல் மண்ணானால் மணல் கலக்க வேண்டும், இல்லையேல் கோடையில் வெடித்துப் பாறையாகி, பலம் குறைந்த கைக்குக் கொத்த வராது. மட்டை மக்க மக்க மண் அமுங்கும். வருடத்துக்குள் மூன்று நான்கு அங்குலம் இறங்கிவிடும், அந்த மூன்றங்குலத்தில்தான் எட்டிய கை எட்டாமல் போகிறது. மேல்மண் போடுவதையும் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

பக்கவாட்டில் திரும்பினால் உடம்பு சரிகிறவர்களுக்கு உறை ஆகாது. அவர்களுக்கு முழங்கால் உள்ளே போகிற மேசைப் பாத்தி. இதில் எல்லோரும் செய்கிற பிழை மண்ணின் ஆழம். முழங்காலுக்கு இருபத்தெட்டு அங்குலம் விட்டு, மேலே எட்டங்குலத் தொட்டி வைத்தால் விளிம்பு மூன்றடிக்கு வந்துவிடும், கையைத் தோள்மட்டத்துக்குத் தூக்கித்தான் நட வேண்டும். பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும், மறுநாள் அவர் வரமாட்டார். முன்பக்கம் நாலங்குலம், முழங்கால் போகாத பின்பக்கம் பத்தங்குலம் என்று அடித்தட்டைச் சரித்துப் போட வேண்டும். முன்னால் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, சிறுகீரை. பின்னால் மிளகாய், கத்தரி. நாலங்குல மண் சித்திரை வெயிலில் காலையில் ஊற்றியதை மாலைக்குள் காயவிட்டுவிடும், எனவே இரண்டு நேரத் தண்ணீர்.

மொட்டைமாடியில் கேட்டால் உறையை ஏற்றவே கூடாது. மாடிகள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோ சுமைக்குத்தான் கணக்கிடப்படுகின்றன; ஓரடி ஆழ ஈரமண் மட்டுமே ஐந்நூறு கிலோவைத் தொடும். அங்கே நார்க்கழிவு கூடுதலான பைகளும் மேசைப் பாத்தியும்தான், அதுவும் சுவர், உத்திரம் ஓடுகிற இடத்தை ஒட்டி.

தண்ணீர். நிரம்பிய பத்து லிட்டர் பூவாளி பத்துக் கிலோவுக்கு மேல், ஒரு கையால் தூக்க ஆகாது. இருநூறு லிட்டர் டிரம்மை நாலடி மேடையில் வைத்துச் சொட்டுநீர்க் குழாய் இழுத்துவிடலாம். கடையில் அழுத்தம் சீராக்குகிற சொட்டுவானைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், நாலடி உயரத் தண்ணீர்க்கு அது சரியாகத் திறக்காது. சாதாரண சொட்டுவானே போதும். மணிக்கு நாலு லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் இந்த உயரத்தில் அதில் பாதிகூட வராது, ஆகவே நேரத்தைக் கூட்டி வைக்க வேண்டும். திருகுக் குழாய் வேண்டாம். கால் சுற்றில் திறக்கிற பால் வால்வு போட்டு, அதன் பிடியில் அரையடி பைப் செருகிவிட்டால் மணிக்கட்டாலோ முழங்கையாலோ தள்ளித் திறக்கலாம். வைக்கும் உயரம் இரண்டரை அடி. போர்த் தண்ணீரானால் வெள்ளையாய் உப்புப் படிந்து சொட்டுவான் அடைக்கும், மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டும்.

கருவிகளுக்கு வெளியூர்ச் சரக்குத் தேவைப்படுவதில்லை. களைக்கொத்தியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி ஒன்றரை அங்குலப் பருமனாக்கினால் விரல் முழுக்க மடங்காத கையும் பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டு வளையாதவருக்குப் பட்டறையில் கொடுத்துப் பிடியை நிமிர்த்தி, அலகுக்குச் செங்குத்தாகப் பற்றவைக்கச் சொல்லலாம். முக்கால் அங்குல பிவிசி பைப்பை மூன்றடி வெட்டி, அடிநுனியைச் சரிவாக அறுத்தால் விதைபோடும் குழல் ஆயிற்று. நுனியால் மண்ணில் குழி குத்தி, மேலிருந்து வெண்டை விதையைப் போட்டால் நேரே குழிக்குள் போகும். கை ஈரமாக இருந்தால் மட்டும் விதை குழலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் மிகுந்த கவலையோடு பார்ப்பது தொடு உணர்ச்சி இல்லாதவர்களை: தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், நீண்டகாலச் சர்க்கரை உள்ளவர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு உறையின் விளிம்பில் நாம் கை வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். அவர் கை இழுக்காது. அங்கேயே ஊன்றியபடி பேசிக்கொண்டிருப்பார், கொப்புளம் சாயங்காலம்தான் தெரியும். விளிம்பில் தேங்காய்க் கயிறு சுற்றி, உறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். இரும்புப் பிடி வேண்டாம். கிடையிலிருந்து வரும் ஆட்டு எருவில் உடைமுள் கலந்திருக்கும், சலிக்காமல் போடவே கூடாது. அந்த முள் சக்கர டியூபையும் விடாது. வேலை முடிந்ததும் இரண்டு கையையும் விரல் விரலாகப் பார்ப்பதும், உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் தோட்ட வேலையின் கடைசிப் படி. கழுத்துப் பக்கம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். அவர்களோடு வேலை காலை ஒன்பதுக்குள் முடிய வேண்டும்.

பார்வையில்லாதவர் தோட்டத்தில் பாதைக்கு நாலங்குலக் கட்டை வரம்பு கட்டினால் கைத்தடி அதைத் தட்டிக்கொண்டே போகும். தொங்கும் தொட்டி கூடாது. தடி அதன் அடியில் போய்விடும், நெற்றி மோதும். கிளைகளை ஏழடிக்கு மேலே கழித்துவிட வேண்டும். வாசனைச் செடியை எங்கும் நிறைக்காமல் பாதை திரும்பும் இடத்தில் மட்டும் வைத்தால்தான் அது அடையாளம்: முதல் திருப்பத்தில் மருக்கொழுந்து, அடுத்ததில் கற்பூரவல்லி. பாத்தி விளிம்போரம் நைலான் கயிறு கட்டி அடிக்கு ஒரு முடிச்சு, ஐந்தாவது அடியில் இரட்டை முடிச்சு. செடிக்குச் செடி இடைவெளி வெண்டைக்கு ஒன்றரை முடிச்சு, மிளகாய்க்கும் அப்படியே, கத்தரிக்கு இரண்டு. தேங்காய்க் கயிறு நனைந்து ஊதினால் முடிச்சு விரலுக்குப் பிடிபடாது. அரளி, எலுமிச்சை, காகிதப்பூ மூன்றும் இந்தத் தோட்டத்துக்கு வேண்டாம்.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981இலிருந்து இயங்குகிறது. இப்படிப்பட்ட மண்ணில், ஃபோனில் பேசினால்தான் தோட்டத்துக்கு ஆள் வரும் என்று இருப்பது பெரிய குறை. காது கேளாதவர் வாட்ஸ்அப்பில் செடியின் படம் அனுப்பினால் பதிலும் படமாக, எழுத்தாகப் போக வேண்டும். வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு "ஆளில்லை" என்று திரும்பாமல், பத்து நிமிடம் முன்னால் செய்தி அனுப்ப வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தோடு அவர் முதுகுப் பக்கமாகப் போகவே கூடாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர் வீட்டுக்கு ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம். வேலை வரிசை நான்கு படமாகச் சுவரில். மண்ணை வாயில் வைக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் உரம் தேர்வு செய்ய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தளத்தில் பாசி படியும். பிளீச்சிங் பவுடர் தூவி ஊறவிட்டு, தேய்த்துக் கழுவினால் போகும், ஆனால் பத்து நாளில் மறுபடி வந்துவிடும். சக்கரமும் ஊன்றுகோலும் அதில் நிற்காது. விடாமல் பெய்கிற வாரங்களில் அவரைப் புறவாசலுக்கு வரச்சொல்ல முடியாது. மழைக்கு முந்தைய வருகையிலேயே மூன்றங்குல ஆழத் தட்டு இரண்டில் கலவை நிரப்பித் திண்ணையில் வைத்து, வெந்தயத்தை அவர் கையில் கொடுத்துத் தூவச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் முளை தெரியும், இருபது நாளில் கிள்ளலாம்.