ஆசிரியர்களுக்கு பிராம்ப்ட் எழுதப் பழக்கிய அனுபவம்

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். எங்கள் ஒன்றியத்து நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஏஐ கருவிகளுக்கு பிராம்ப்ட் எழுத, அதாவது வேண்டியதைச் சரியாகக் கேட்டு எழுத, சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. சாட்ஜிபிடி 2022 நவம்பரிலேயே வந்துவிட்டதால் அதையோ ஜெமினியையோ போனில் தொட்டுப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் "கேட்டா ஏதோ ஒண்ணு குடுக்குது சார், நம்ம வகுப்புக்கு ஆகாது" என்பதுதான் பலருடைய பேச்சாக இருந்தது.

ஆகாததற்குக் காரணம் அவர்கள் கேட்ட விதத்திலேயே இருந்தது. ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஒருவர் "பின்னம் பற்றி எளிமையான வாழ்க்கைக் கணக்குகள் பத்து தா" என்று எழுதியிருந்தார். வந்தவற்றில் பாதி பீட்சாவை எட்டுத் துண்டு போடும் கணக்கு. எளிமை என்றால் யாருக்கு எளிமை, வாழ்க்கை என்றால் யாருடைய வாழ்க்கை என்று அதற்கு எப்படித் தெரியும்? இதை விளக்கிக்கொண்டே போவதைவிட மாதிரி கொடுப்பது சுலபம். 2020-ல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 என்ற மொழி மாடல் பற்றி எழுதிய கட்டுரையின் மையமே இதுதான்: மாடலுக்கு மறுபடி பயிற்சி கொடுக்காமல், கேள்விக்குள்ளேயே சில மாதிரிகளை வைத்தாலே பல வேலைகளை அது நன்றாகச் செய்கிறது. அதனால் பயிற்சிக்கு வருகிறவர்கள் தாங்கள் எழுதிய பழைய வினாத்தாள் ஒன்றைக் கையோடு கொண்டுவரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

அந்த டீச்சர் தன் வினாத்தாளில் இருந்து இரண்டை எடுத்து ஒட்டினார். ஒரு லிட்டர் பாலில் அரை லிட்டரை உறை ஊற்றி, கால் லிட்டர் காபிக்கும் போனால் மீதி எவ்வளவு? மூன்று முழம் பூவில் ஒன்றரை முழத்தை அம்மா வைத்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு தங்கைகளுக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு? "இதே நடையில், இதே அளவுள்ள வாக்கியங்களில் இன்னும் ஐந்து" என்று மட்டும் கீழே சேர்த்தார். இட்லி மாவு, நெல் மூட்டை, சேலைக்கு முந்தி தைப்பது என்று கணக்குகள் வந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் டீச்சரே ஒன்றைக் கவனித்தார்: ஐந்துமே "மீதி எவ்வளவு" என்ற கணக்குகள். இரண்டு மாதிரியிலும் முதலில் கழித்தல் வந்ததால் மாடல் அதையே பிடித்துக்கொண்டது. மூன்றாவதாக "முக்கால் கிலோ பெரிதா, மூன்றில் இரண்டு பங்கு கிலோ பெரிதா, எப்படிச் சொல்கிறாய்?" என்பதைச் சேர்த்ததும் வகைகள் மாறின. அன்று முழுக்க நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். மாதிரிகள் ஒன்றுக்கொன்று வேறுபட வேண்டும்; எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதைத்தான் மாடல் 'இதுதான் வேண்டும்போல' என்று எடுத்துக்கொள்கிறது, கொள்குறி வினா மாதிரிகளில் சரியான விடை எப்போதும் 'ஆ' என்று இருந்தால் அதையும்கூட. வேண்டாத மாதிரி ஒன்றையும், ஏன் வேண்டாம் என்று ஒரு வரியையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது தவறான விடைகளை மாதிரியாகக் கொடுத்தது. பிள்ளைகள் அரையையும் காலையும் கூட்டும்போது மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதுவார்கள், கணக்கு ஆசிரியர் எல்லாருக்கும் தெரியும். அந்த விடையைக் காட்டி, 'பிள்ளை இப்படி யோசித்திருக்கிறான்' என்று ஒரு வரி எழுதி, கொள்குறி வினா கேட்டார் ஒரு சார். 2/3-ஐயும் 1/5-ஐயும் கூட்டச் சொன்ன வினாவில் 3/8 ஒரு தெரிவாக வந்தது. அதைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்று உடனே தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு போட்ட மூன்று தவறான விடைகளால் இது ஆகாது. இந்த அறிவு விடைத்தாள் திருத்துகிறவர்களிடம்தான் இருக்கிறது, அதைக் கேள்விக்குள் கொண்டுவருவதைத்தான் நாம் பழக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எழுத்தறிவு, எண்ணறிவுக்கான அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' எடுக்கும் தொடக்கநிலை ஆசிரியர்கள் சிலரும் வந்திருந்தார்கள். 'மொட்டு நிலைக்கு' (அத்திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளில் நடுவானது) என்று சொல்வதைவிட அந்த நிலைப் பயிற்சித்தாளில் இருந்து இரண்டு வினாவை ஒட்டுவது அவர்களுக்கு உடனே பலன் கொடுத்தது. தமிழ் ஆசிரியர்களுக்கு வேறு பிரச்சினை: குறள் கேட்டால் சில சமயம் குறள் மாதிரியே ஒன்றைக் கட்டித் தருகிறது, எண்ணையும் மாற்றிப் போடுகிறது. குறளை நீங்களே ஒட்டுங்கள், அதன்மேல் வினா மட்டும் கேளுங்கள் என்று சொன்னோம். மாணவர் பெயர், எமிஸ் எண் (கல்வித்துறை கொடுக்கும் மாணவர் அடையாள எண்) எதையும் உள்ளே போடக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னோம். கணக்காக இருந்தால் ஒவ்வொன்றையும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும், விடை தப்பாக வருவதும் உண்டு.

இப்போது கணக்கு ஆசிரியர்கள் சேர்ந்து வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் தவறான விடைகளை ஒரு கோப்பில் தொகுக்கிறார்கள். பின்னம் முடிந்துவிட்டது, முழுக்கள் போய்க்கொண்டிருக்கிறது. அறிவியல்காரர்களும் கேட்கிறார்கள், கனமான பொருள்தான் முதலில் விழும் என்று எழுதும் விடைகளில் இருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.